இரண்டாவது வரிசையில் சிரிக்காத இருவர்

டுலூத், மினசோட்டா,
பிப்ரவரி 9, திங்கட்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க அத்தைக்கு,

உங்கள் மருமகள் பிரிட்டா எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகனும் நலம். உங்கள் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்றும், அரிசோனா வெயில் உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்றும் நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்து சேர்ந்தது. நான் வேலையிலிருந்து திரும்பும்வரை வாசலில் இருந்ததில் பழங்கள் எல்லாம் கல்லாக உறைந்துவிட்டன. ஒன்றைத் தரையில் போட்டுப் பார்த்தேன், தரை ஓடு பெயர்ந்தது. இளகிய பிறகு மிகவும் தித்திப்பாக இருந்தன. நன்றி.

நீங்கள் முந்தின ஞாயிற்றுக்கிழமை போனில் சொன்ன செய்தியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மே மாதம் முதல் செப்டம்பர் வரை எங்களோடு வந்து இருக்கப் போவதாகவும், ஆர்விட் அதற்குச் சந்தோஷமாகச் சம்மதித்துவிட்டதாகவும் சொன்னீர்கள். எனக்கு அது புதுச் செய்தி. "நல்லது அத்தை" என்று மட்டும் சொன்னேன். மினசோட்டாவில் ஒரு பெண் "நல்லது" என்று மட்டும் சொன்னால் என்ன பொருள் என்று அறுபது வருஷம் இங்கே வாழ்ந்த உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆர்விட் எப்படிச் சம்மதித்தார் என்பதைச் சொல்ல வேண்டுமானால், சனிக்கிழமை நகைச்சுவைக்காரர் சால் பெட்ரோசியின் மேடை நிகழ்ச்சியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள்.

உங்கள் மகனுக்கு இரண்டு வருஷமாகக் காது சரியாகக் கேட்பதில்லை. காகித ஆலையில் இருபத்தாறு வருஷம் அந்த இரைகிற உருளைகளுக்குப் பக்கத்தில் நின்றதன் பலன் என்று டாக்டர் சொன்னார். போன வசந்தத்தில் இரண்டு காதுக்கும் மெஷின் கொடுத்தார்கள், பட்டாணி அளவுதான் இருக்கும். நாற்பத்தொன்பது வயசில் இதை மாட்டிக்கொண்டு திரிய முடியாது என்று ஆர்விட் அதைச் சாக்ஸ் டிராயரில் வைத்து மூடிவிட்டார். யாரிடமும் சொல்லக் கூடாது, முக்கியமாக அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். சனிக்கிழமை அவரே தொள்ளாயிரம் பேரிடம் சொல்லிவிட்டதால் இனி என்னை அந்த வாக்கு கட்டுப்படுத்தாது என்று நினைக்கிறேன்.

காது கேட்காத குறையை அவர் ஒரே ஒரு சொல்லால் சமாளித்து வந்தார். யார் என்ன கேட்டாலும் "நிச்சயமா." அந்த ஒரு சொல்லால் எங்கள் வீட்டில் நடந்ததை எல்லாம் எழுதினால் தாள் போதாது, சர்ச்சின் மீன் விருந்துக்கு அவர் தலைமைச் சமையல்காரர் ஆனார், சோடாக் காரநீரில் ஊறவைக்கிற அந்த மீன் வாடை மூன்று வாரம் எங்கள் காரை விட்டுப் போகவில்லை, பக்கத்து வீட்டு டார்லீனின் இரண்டு நாய்களை ஜனவரி முழுக்க வைத்துக்கொள்ளச் சம்மதித்தார், முடிவெட்டுகிறவர் இன்னும் கொஞ்சம் குறைக்கட்டுமா என்று நான்கு தடவை கேட்டிருக்கிறார், நான்கு தடவையும் நிச்சயமா, பட்டாளத்தில் சேர்ந்த முதல் நாள் மாதிரி வீட்டுக்கு வந்து நின்றார். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். சிரிக்க முடியாதது வேறு. வெள்ளிக்கிழமைச் சீட்டாட்டத்துக்குப் போவதை நிறுத்தினார். சாப்பாட்டு மேஜையில் நான் பேசும்போது தட்டைப் பார்த்தார். அப்புறம் தட்டை எடுத்துக்கொண்டு கராஜுக்குப் போனார். வீட்டை விட்டுப் போகாமலேயே ஒரு மனுஷர் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்தார், நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டிவியில் ஏதாவது வேடிக்கையாக வந்தால் மட்டும் என் பக்கத்தில் வந்து உட்காருவார். நான் சிரித்தால் அரை நொடி கழித்து அவரும் சிரிப்பார். கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் அவர் என் முகத்தை இவ்வளவு பார்த்ததே இல்லை. அதை நான் கொஞ்ச நாள் ரசித்தேன், அத்தை. அவருக்கு வேண்டியது என் முகம் அல்ல, எப்போது சிரிக்க வேண்டும் என்ற குறிப்புத்தான் என்று பிறகு புரிந்தது. இந்த வரியை நீங்கள் இரண்டாம் முறை படிக்க வேண்டாம்.

சால் பெட்ரோசி நம் ஊருக்கு வருகிறார் என்றதும் நான் டிக்கெட் எடுத்ததற்கு இதுதான் காரணம். தேனிலவுக்கு ஏரியைச் சுற்றிக் காரில் போனபோது எங்களிடம் இருந்தது அவருடைய ஒரே ஒரு கேசட். வழி முழுக்க அதுதான் ஓடியது. ஆர்விட் ஒரு இடத்தில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் இந்த ஆளோடு வாழ்ந்துவிடலாம் என்று எனக்கு நிச்சயமானது, சர்ச்சில் நடந்தது வெறும் சடங்கு. அதை இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்று இருந்தது. இனிமேல் கேட்காமலே போய்விடுமோ என்றும் இருந்தது. மெஷினைப் போட்டுக்கொள்ளச் சொல்லி மன்றாடிப் பார்த்தேன். காரில் போகும்போது ஆர்விட் சமாதானம் சொன்னார். "அவன் பழைய ஜோக்கைத்தான் சொல்லுவான், பிரிட்டா. எனக்கு எல்லாம் மனப்பாடம்."

மேடைக்கு வந்ததும் சால் சொன்ன முதல் வரி, இன்றைக்கு எல்லாமே புதுசு என்பது.

இரண்டாவது வரிசை, நடு இடம். கிட்டே இருந்தால் கேட்கும் என்று நான்தான் பார்த்து எடுத்தேன். வாசலிலேயே எல்லார் போனையும் ஒரு பையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள், அதனால் நடந்ததற்கு வீடியோ கிடையாது, என் பேச்சை நம்புங்கள். சால் நியூ ஜெர்சிக்காரர். அங்கே எல்லாம் ஆள் இருமினாலே கூரை பறக்கச் சிரிப்பார்களாம். நம்ம ஜனங்களைத்தான் உங்களுக்குத் தெரியுமே. ஒருத்தர் பேசிட்டிருக்கும்போது நடுவுல சத்தம் போடறது மரியாதையில்லைன்னு வளந்தவங்க. அவர் பாவம் நல்லாத்தான் சொன்னார். "எங்கம்மா கார்ல வழி சொல்ற பொண்ணு கூடச் சண்டை போடறாங்க. அது இடது பக்கம் திரும்புங்கன்னா, நீ யாருடி எனக்குச் சொல்லன்னு வலது பக்கம் திரும்பறாங்க. அதுவும் சளைக்காம, சரி, வேற வழி பாக்கறேன்னு சொல்லுது. எங்கப்பாவும் நாப்பது வருஷமா அதைத்தான் சொல்லிட்டிருக்காரு." தொள்ளாயிரம் பேரும் நல்ல கருத்துன்னு தலையாட்டினாங்க. எனக்கு இந்தப் பக்கம் இருந்த அம்மாள் அவங்க வீட்டுக்காரர்கிட்ட, முகத்துல ஒரு கோடு அசையாம, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குதுன்னு சொன்னாங்க. மாமியார் ஜோக் ஒண்ணும் வந்துச்சு, அதை இங்கே எழுதலை.

சாலுக்கு வேர்க்க ஆரம்பிச்சிருச்சு. ஆர்விட்டுக்கு அதைவிட. எப்பச் சிரிக்கணும்னு தெரிஞ்சுக்க அவர் என்னைப் பாக்கறார். எனக்கோ அவருக்குக் கேக்குதா இல்லையான்னுதான் கவலை, நான் அவரைப் பாக்கறேன். மேடையில என்ன நடக்குதுன்னு நான் கவனிக்கவே இல்லை, அப்புறம் எங்கே சிரிக்கிறது? நான் சிரிக்கலைன்னு அவரும் சிரிக்கலை. இருபத்திரண்டு வருஷமா யாரோட பேச்சுக்குச் சிரிச்சோமோ அந்த ஆள் பத்தடி தூரத்துல நின்னு கத்திட்டிருக்கார், நாங்க ரெண்டு பேரும் அவரைத் திரும்பிக்கூடப் பாக்காம ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் முறைச்சுக்கிட்டு உட்காந்திருக்கோம்.

பேச்சை நிறுத்திட்டு சால் மேடை விளிம்புக்கு வந்தார்.

"மன்னிக்கணும். இந்த ரெண்டாவது வரிசை. கால் மணி நேரமா நான் இங்க தொண்டையைக் கிழிச்சுக்கறேன், நீங்க ரெண்டு பேரும் அங்க கண்ணும் கண்ணும் பாத்துட்டிருக்கீங்க. என்ன சார், காதலா, விவாகரத்தா?"

"நிச்சயமா," என்றார் ஆர்விட்.

கூட்டம் முதல் தடவையாச் சிரிச்சுது. சாலுக்கு உயிர் வந்த மாதிரி இருந்துச்சு. ரெண்டுல எதுன்னு கேட்டார். ரொம்ப நல்லாருக்குங்கன்னு ஆர்விட் சொன்னார். கல்யாணமாகி எத்தனை வருஷம்னு கேட்டார். அதுக்கும் இவர் நிச்சயமான்னு சொன்னார். சிரிப்பு பெருசாகிட்டே போச்சு. எல்லாரும் சிரிக்கறாங்களேன்னு ஆர்விட்டும் சிரிச்சார், எதுக்குன்னு தெரியாமலே. அதை என்னால பாக்க முடியலை, அத்தை. வழக்கம்போல நானே வாயைத் திறந்து, இருபத்திரண்டுன்னு சொன்னேன்.

"மேடம், நான் அவரைக் கேட்டேன். வீட்ல எல்லாத்துக்கும் நீங்கதான் பதில் சொல்றதா?"

அவர் விளையாட்டாத்தான் கேட்டார். ஆனா ஆமாம், எல்லாத்துக்கும் நான்தான். ஓட்டல்ல அவருக்கும் சேத்து நான்தான் சொல்றேன், சர்ச் வாசல்ல அவரை நலம் விசாரிச்சா நான்தான் நலம்கறேன். அதைப் பிரியம்னு நெனச்சிட்டிருந்தேன். அந்த டிராயரை இத்தனை நாளா நானும் ஒரு கை குடுத்து மூடிட்டிருந்தது அந்த நிமிஷம்தான் தெரிஞ்சுது. ஆர்விட் என்ன சொல்லணும்னு தெரியாம என்னைப் பாத்தார். நான் வாயை மூடிக்கிட்டேன். என் வாழ்க்கையில இவ்வளவு கஷ்டமான காரியம் செஞ்சதில்லை. என்னைப் பாக்காதேன்னு தலையை ஆட்டி, மேடையைக் காட்டினேன்.

ஆர்விட் எழுந்து நின்னார். ஆலையில பேசற மாதிரி உரக்கப் பேசினார்.

"எனக்குக் காது கேக்காது. ரெண்டு வருஷமா. நீங்க சொன்னது ஒண்ணுமே எனக்குக் கேக்கலை. இவ சிரிச்சா நான் சிரிப்பேன், அதான் வழக்கம். இன்னிக்கு இவ சிரிக்கலை, அதனால நீங்க நல்லாப் பண்ணலை போலன்னு நெனச்சுட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

சால் அப்படியே தரையில உட்காந்துட்டார், அவருக்கே சிரிப்பு தாங்கலை. மேடையிலேர்ந்து இறங்கி வந்து, ஆர்விட்டுக்கு உதடு தெரியற மாதிரி நேரா நின்னு, மெஷின் கிஷின் வாங்கலையான்னு கேட்டார்.

"இருக்கு. சாக்ஸ் டிராயர்ல."

"பரவால்ல சார். சாக்ஸாவது நல்லாக் கேட்டுட்டிருக்கும்."

அதுக்கப்புறம் மைக்கை என் கையில குடுத்துட்டு, முன் வரிசை மேல எக்கி, ஆர்விட் காதுகிட்ட வாயை வெச்சு என்னமோ சொன்னார். பக்கத்துல இருந்த எனக்கே கேக்கலை. ஆர்விட் ஒரு நொடி யோசிச்சார். அப்புறம் முன் நாற்காலி மேல கவிழ்ந்துட்டார். அந்தக் காரை ஓரமா நிறுத்தின சிரிப்பு, அத்தை. அதே சிரிப்பு. என்னைப் பாக்காமலே சிரிச்சார். எனக்குச் சிரிப்பு அரை நொடி கழிச்சுத்தான் வந்துச்சு. எனக்கப்புறம் அந்த வயித்துவலி அம்மாள், அப்புறம் அந்த வரிசை, அப்புறம் மாடி வரைக்கும் தொள்ளாயிரம் பேர், மரியாதையை எல்லாம் மறந்துட்டு, எதுக்குன்னு ஒருத்தருக்குக்கூடத் தெரியாம சிரிச்சாங்க. வெளியே வரும்போது யாரோ ஒருத்தர் ஆர்விட் தோளைத் தட்டி, மோசமில்லைன்னு சொன்னார். நம்ம ஊர்ல அதுக்கு மேல பாராட்டு இல்லை. அந்த ஜோக் என்னன்னு நான் மூணு தடவை கேட்டுட்டேன். சொல்ல மாட்டேங்கிறார்.

நேற்றுக் காலை நான் எழுந்தபோது அவர் சமையலறையில் மெஷினை மாட்டிக்கொண்டு நின்றார். இந்த ஃபிரிட்ஜ் எப்போதுமே இப்படித்தான் உறுமுமா என்று கேட்டார். என் செருப்புச் சத்தத்தைப் பற்றியும் ஒரு கருத்து சொன்னார். சர்ச்சிலிருந்து திரும்பும்போது, பாதிரியார் இவ்வளவு நீளமாகவா பேசுவார், ஏன் முன்பே சொல்லவில்லை என்று என்னிடம் கோபித்துக்கொண்டார். மத்தியானம் ஆலை நண்பரைக் கூப்பிட்டு வெள்ளிக்கிழமைச் சீட்டாட்டம் இன்னும் நடக்கிறதா என்று விசாரித்தார். ராத்திரி மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார். இடையில் ஒரு தடவை மெஷினைக் கழற்றிப் பையில் போட்டார், திரும்பவும் மாட்டினார். எத்தனை நாளைக்கு என்று தெரியவில்லை. ஆனாலும் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

இப்போது நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். கோடையில் நீங்கள் வருவதற்கு ஆர்விட் சொன்ன "நிச்சயமா" என்பது டார்லீனின் நாய்களுக்குச் சொன்ன அதே "நிச்சயமா" தான். நீங்கள் கேட்டது அவர் காதில் விழுந்திருக்காது. ஆகவே அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அவசரப்பட்டு ஏற்பாடு எதுவும் செய்துவிட வேண்டாம் என்று மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஜூலையில் பத்து நாள் வந்தால் எங்களுக்கும் மகிழ்ச்சி.

இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். படியில் கைப்பிடியை விடாதீர்கள். உங்கள் சர்ச் தோழிகளுக்கு என் விசாரிப்புகள். ஆண்டவர் உங்களைக் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும்.

என்றும் உங்கள் அன்பு மருமகள்,
பிரிட்டா

பின்குறிப்பு: நான் உறை எடுக்க மாடிக்குப் போன நேரத்தில் ஆர்விட் இதை முழுக்கப் படித்துவிட்டார். எல்லாம் சரிதான், ஆனால் நீங்கள் போனில் சொன்னதெல்லாம் அவருக்கு நன்றாகக் கேட்டதாம். கராஜுக்குப் போய்ச் சத்தத்தை முழுக்க வைத்துத்தான் உங்களோடு பேசுவாராம். அங்கே உங்கள் பக்கத்து வீட்டுத் தோழி போன பிறகு சாயங்காலங்கள் நீளமாக இருக்கின்றன என்று நீங்கள் சொன்னதையும் கேட்டாராம். கேட்டுத்தான் நிச்சயமா என்றாராம். அப்படியானால் என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "காது கேக்காம சொல்லிட்டேன்னு நெனச்சா நீ மன்னிச்சுடுவேன்னு பாத்தேன்" என்றார். பாத்திரம் கழுவி முடிக்கும்வரை யோசித்தேன். இந்தச் சாயங்கால விஷயத்தை நீங்கள் என்னிடம் ஒரு தடவையும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கடிதத்தைத் திருப்பி எழுத எனக்குத் தெம்பில்லை, ஆகவே கடைசிக்கு முந்தின பத்தியை நான் எழுதவில்லை, நீங்கள் படிக்கவில்லை. மே மாதமே வாருங்கள். பின்னறையிலிருந்து அவர் பெட்டிகளை இறக்கும் சத்தம் இங்கே கேட்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. அவருக்கு இப்போது எல்லாம் கேட்கும். அவரைப் பற்றி நாம் இரண்டு பேரும் பேச வேண்டியதை ஏரிக்கரைக்குப் போய்த்தான் பேச வேண்டியிருக்கும், அங்கே அடிக்கிற குளிர்காற்றுக்கு ஏற்ற மாதிரி ஒரு கனமான கோட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள்.