உன் தம்ளரைக் கழுவத் தகுதியுள்ள ஒரே ஆள்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நான் நலமாக இருப்பதை இந்த முறை ரத்தப் பரிசோதனை நிலையமே முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது. நீ நலமில்லை என்பதை மருமகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். போன் செய்தால் “அசதியா இருக்குப்பா, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, முழுவதும் படி.

போன புதன்கிழமை உன் கண் மஞ்சளானது, மருமகளும் பேத்தியும் தடுப்பூசி போட்டுக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போனது, நீ மூன்றாவது மாடியில் தன்னந்தனியாகக் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பது எல்லாம் கேட்டு உடனே பெட்டியை எடுத்தேன். நீயோ, “வராதீங்கப்பா, இந்த வயசுல உங்களுக்கும் ஒட்டிக்கிட்டா யாரு பாக்கறது?” என்றாய். நியாயமான கேள்விதான். பதில் வாங்க மறுநாளே தெருமுனை டாக்டரம்மாவிடம் போய் ரத்தம் கொடுத்தேன். ஊசி குத்திய பெண்ணுக்கு நரம்பு அகப்படவில்லை, இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன், என் கையை ஒருவர் பிடித்து வெகுநாளாகிறது.

முடிவு வந்தது. “உங்களுக்கு இது எப்பவோ வந்து போயிருக்கு சார், இனிமே வராது” என்றார் டாக்டரம்மா. எனக்கே தெரியாமல் எப்படி என்றேன். “சின்னக் குழந்தைக்கு வந்தா பெரும்பாலும் தெரியாமலே போயிடும். உங்க காலத்துல அநேகமா எல்லாருக்கும் அப்படித்தான். உங்க பையன் சுத்தமான தண்ணி குடிச்சு வளர்ந்தாரு, அதனால சின்ன வயசுல வரல, இப்ப முப்பத்தஞ்சு வயசுல வந்து படுக்க வச்சிடுச்சு.” எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடிநீர் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் குளோரின் அளந்து விட்டவன் நான்! பள்ளிக்கூடக் குழாயில் வாய் வைத்ததற்காக உன் முதுகில் ஒன்று வைத்தவனும் நான். அப்படியானால் நான்தான் உன்னைக் கெடுத்தேனா என்று கேட்டேன். “ஐயோ சார், நீங்க தண்ணிய சுத்தம் பண்ணினதுனாலதான் எத்தனையோ குழந்தைங்க உயிரோட இருக்காங்க. பையனுக்கு ஒரு தடுப்பூசி போட்டிருந்தா முடிஞ்சிருக்கும், அவ்வளவுதான்.” அந்த அவ்வளவுதான் என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருக்கிறது. என்னை மன்னித்துவிடு.

இருந்தாலும், எனக்கு இனி வராது, உன்னிடம் வரலாம் என்ற சந்தோஷத்தை யாரிடமாவது சொல்ல வேண்டாமா? என்னோடு தினமும் சதுரங்கம் ஆட வரும் எதிர்வீட்டுத் தையல்காரரிடம் காகிதத்தை நீட்டி, “எனக்குக் காமாலை...” என்று ஆரம்பித்தேன். “வந்து போயாச்சு” என்பதை நான் காலி நாற்காலியிடம்தான் சொன்னேன். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பால்காரர் பாக்கெட்டை கேட்டில் மாட்டிவிட்டு ஓட்டமெடுக்கிறார். நாலு நாளாக வாசலில் ஆளில்லை. அதற்கு முன்பும் தையல்காரரைத் தவிர யாரும் வந்ததில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன்.

ஆகவே யோசித்துப் பார். உன் தம்ளரைக் கழுவ, துணி துவைக்க, வாந்தி எடுத்தால் தலையைப் பிடிக்க, நம் குடும்பத்தில் சான்றிதழோடு இருப்பவன் நான் ஒருவன்தான். சோறு குழைய வடிப்பேன், எனக்கு எப்போதும் அப்படித்தான் வரும். உன் அம்மா போனபின் நான் இல்லாமல் முடியாது என்று யாரும் சொன்னதில்லை. இந்த ஒரு தடவை நீயாவது சொல். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

கண் வெளுத்து, பசி எடுத்து, என் மேல் எரிந்து விழும் அளவுக்கு உனக்குத் தெம்பு வர வேண்டும் என்று வாழ்த்தும்,

அப்பா

பின்குறிப்பு: தபால் தலை வாங்கப் போன வழியில் டாக்டரம்மாவைப் பார்த்தேன். கண் மஞ்சளாகி ஒரு வாரம் தாண்டினால் பொதுவாக இது யாருக்கும் ஒட்டாதாம். இந்தக் கடிதம் வந்து சேரும்போது உனக்குப் பத்து நாள் ஆகியிருக்கும். யார் வேண்டுமானாலும் உன் பக்கத்தில் உட்காரலாம். மருமகளையும் குழந்தையையும் வரச் சொல். என் சான்றிதழுக்கு இனி வேலையில்லை, மேலே எழுதிய காரணம் எதுவும் நிற்காது. காரணம் இல்லாமல் வந்தால் எத்தனை நாள் இருக்கலாம்?