தண்ணீருக்கு உச்சவரம்பு இல்லை

நெய்தக்கோட்டகம்,
வேதாரண்யம் வழி,
1973 மார்கழி 14, சனிக்கிழமை.

சென்னையில் வக்கீலாக விளங்கும் சிரஞ்சீவி மைத்துனர் தியாகுவுக்கு, உன் அத்தான் சிவசாமி அநேக ஆசிகளுடன் எழுதுவது. இவ்விடம் நானும் உன் அக்காள் சௌந்தரநாயகியும் மாடு கன்றுகளும் நலம். கிழக்குப் பள்ள வயல் மட்டும் நலமில்லை. அவ்விடம் உன் நலத்தை நான் விசாரிக்கப்போவதில்லை. ஊரைக் கெடுத்தவனுக்கு ஒரு தலைவலிகூட வராது என்பது உலகம் அறிந்த விஷயம்.

போன ஆவணியில் நீ இங்கே வந்திருந்தது ஞாபகம் இருக்கிறதா? உச்சவரம்புச் சட்டப்படி என் கணக்கில் அரை வேலி அதிகம், அதை எடுத்து நிலமில்லாதவர்களுக்குக் கொடுக்கப்போகிறோம் என்று நோட்டீஸ் வந்து, எங்கள் அப்பா வாங்கிய கிழக்கு வயல் கையை விட்டுப் போகிறதே என்று நான் தூக்கமில்லாமல் கிடந்த சமயம் அது. நீ ஏழாவது இட்லியை மிளகாய்ப்பொடியில் புரட்டிக்கொண்டே சொன்னாய்: "சட்டம் நிலத்துக்குத்தான் அத்தான். தண்ணிக்கு உச்சவரம்பு இல்ல. ஐப்பசி மழைய வடிக்காம அந்தப் பள்ளத்துல நிறுத்தி வச்சு, இது ஏரின்னு எழுதிக் குடுத்துடுங்க. கணக்குலேர்ந்து கழிஞ்சிடும்." உன் அக்காள் உன் மூளையை மெச்சி எட்டாவது இட்லியை வைத்தாள். நானும் மெச்சினேன். என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

குறுவையை அறுத்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. ஊரெல்லாம் வடிகால் மதகைத் திறந்துவிட்டு நடவுக்கு ஓட, நான் ஒருவன் மட்டும் என் மதகை அடைத்து, களிமண் போட்டுப் பூசி, அதன்மேல் சாக்கு மூட்டையும் அடுக்கினேன். போகிறவன் வருகிறவன் எல்லாம் நின்று நின்று பார்த்தான். மிராசுதாருக்கு மழையில் மூளை நனைந்துவிட்டது என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும் என்று விட்டேன். கார்த்திகைக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. நீ சொன்னபடியே இது ஏரி என்று எழுதியும் கொடுத்தேன். ஏரி என்றால் தோணி வேண்டாமா என்று, கோடியக்கரையிலிருந்து காத்தானை ஒரு சின்னத் தோணியோடு மாட்டு வண்டியில் வரவழைத்தேன். காத்தான் நாற்பது வருஷம் கடலில் போனவன். தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டாமல் புதுத் தண்ணீரில் தோணி இறங்காது என்றான், உடைத்தோம். தோணியில் ஏறினான். பத்து கெஜம் போவதற்குள் முகம் வெளுத்துத் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "அலையே இல்லீங்களே, தண்ணி செத்தாப்புல கெடக்குது, எனக்குக் கொமட்டுதுங்க" என்றான். புயலில் கட்டை பிடித்துக் கரையேறிய மனுஷன், தியாகு! என் வயலில் அவனுக்கு வாந்தி! கடைசியில் நான்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூங்கில் கழியைக் கையில் எடுத்தேன்.

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. முதல் நாள் வட்டமாகச் சுற்றினேன், இரண்டாம் நாள் வரப்பில் முட்டினேன், மூன்றாம் நாள் கழி சேற்றில் நின்றுகொள்ள, தோணி என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போயிற்று. நாலாம் நாள் காலை மழை விட்டு வெயில் அடித்தது. காற்று ஒரு துளி இல்லை. தண்ணீர் பாதரசம் பூசின கண்ணாடி மாதிரி கிடந்தது. மேலே ஒரு கொக்கு போனால் கீழேயும் ஒரு கொக்கு போயிற்று. உன் அக்காள் காப்பி கொண்டுவந்தவள், "நானும் ஒரு தடவ ஏறிப் பாக்குறேங்க" என்றாள். ஏற்றிக்கொண்டேன். நடுவில் போய்க் கழியை எடுத்துவிட்டேன். தோணி அசையவே இல்லை. அவள் தண்ணீரில் எட்டிப் பார்த்துத் தன் மூக்குத்தியைத் தானே பார்த்துக்கொண்டு சிரித்தாள் பார், கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதே வயலில் நாற்பது வருஷமாகக் காவலுக்கு நின்றிருக்கிறேன், கத்தியிருக்கிறேன், ஒரு நாளாவது சும்மா உட்கார்ந்திருக்கிறேனா? அன்று மத்தியானச் சாப்பாட்டையே மறந்துவிட்டோம். அதன் பிறகு தினமும் காலையில் இருவரும் போனோம். இது வழக்குக்கான ஒத்திகை என்று உன் அக்காளிடம் சொல்லிவைத்தேன். அவளும் நம்பின மாதிரியே இருந்தாள்.

போன வாரம் ஏரியை நேரில் பார்க்க அதிகாரி காதர் மைதீன் வந்தார். நாகூர்க்காரர், தண்ணீரைக் கண்டதும் ஃபைலைக் கரையில் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டார். தோணியில் உட்காரவைத்துத் தள்ளினேன். "ஆகா, என்ன அமைதிங்க! ஆபீஸை இங்கயே மாத்திடலாம் போலருக்கே" என்று கண்ணை மூடிக்கொண்டார். காரியம் பழம் என்று நான் பூரித்துப்போய் ஒரு சுற்றுக்கு மூன்று சுற்றாக விட்டேன். அங்கேதான் விதி என் பிடரியில் உட்கார்ந்தது. கலங்கின தண்ணீராக இருந்திருந்தால் ஒரு பாவமும் இல்லை. பாழாய்ப்போன தண்ணீர் பளிங்காக இருந்ததே! மனுஷர் கண்ணைத் திறந்து குனிந்து பார்த்து, "மிராசுதார், அடியில என்னங்க வரிசை வரிசையா?" என்றார். குறுவை அறுத்த அடித்தாள், தியாகு. கயிறு பிடித்து நட்ட மாதிரி கோடு கோடாக! நான் நீர்ப்பூண்டு என்றேன். ஏரிக்கு நடுவில் வைக்கோல் பொம்மை ஒன்று என் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறதே என்றார். மீனுக்குக் காவல், கொக்கு விரட்ட என்றேன். அவர் என் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏரின்னா ஊர்க்காரங்க மீன் பிடிப்பாங்களே?" என்று கேட்டார். எனக்கு மூச்சு வந்தது. "பிடிக்காம இருப்பாங்களா சார்? மார்கழியானா ஊரே இறங்கிப் பிடிக்கும். எங்க தாத்தா காலத்து வழக்கம்!" என்று ஒரே போடாகப் போட்டேன்.

அவர் கரையேறிச் சாட்சி கேட்டார். கரையில் வீரையன் நின்றான். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு இந்த ஊரில் அவன்தான் தலைவன், என் அரை வேலி யாருக்குப் போகும் என்று கேட்டால் முதல் பேர் அவன் பேர்தான். அவன் வாயைத் திறந்தால் நான் தொலைந்தேன். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஐயா சொல்றது நெசந்தானுங்க. எங்க அப்பன் காலத்துலேர்ந்து இங்கதான் மீனு புடிக்கிறோம்" என்றான். அவன் பெண்சாதி தங்கம்மாள் அவனுக்கும் ஒரு படி மேலே போய், "என்னைய பொண்ணு பாக்க வந்தன்னிக்கு இந்தத் தண்ணி வெராலுதாங்க கொழம்பு" என்றாள். அப்புறம் நாற்பது பேர் சாட்சி சொன்னார்கள். ஆளுக்கொரு மீன் சொன்னார்கள். ஒருத்தன் இந்த ஏரியில்தான் நீச்சல் கற்றுக்கொண்டானாம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை வழக்கு, எத்தனை சண்டை, இருந்தாலும் ஆபத்துக்கு ஊர் நம்மை விட்டுக்கொடுக்கவில்லையே என்று வீரையன் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அவன், "இருக்கட்டுங்கய்யா, எல்லாம் நம்ம ஏரிதான" என்றான். அந்த 'நம்ம' எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நேற்று உத்தரவு வந்தது. தலைமுறை தலைமுறையாக ஊரார் மீன் பிடித்து வரும் நீர்நிலை என்று நில உடைமையாளரே வாக்குமூலம் கொடுத்து நாற்பது சாட்சிகளும் உறுதி செய்திருப்பதால், மேற்படி இடம் ஊர்ப் பொதுப் புறம்போக்காம். என் பட்டா ஆதியில் தவறுதலாக ஏற்பட்டதாம். நிலம் என்று எடுத்திருந்தால் ஈட்டுத் தொகையாவது வந்திருக்கும். இப்போது பிள்ளையாரும் இல்லை, பிடித்துவைத்த மண்ணும் இல்லை. ஆகையால் இந்தக் கடிதம் கண்ட நிமிஷமே புறப்பட்டு வந்து, அது ஏரியே அல்ல, அசல் நஞ்சை, அங்கே மீனை யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை, சிவசாமி சொன்னதெல்லாம் பொய் என்று அப்பீல் மனு போட வேண்டியது. என்னைப் பொய்யன் என்று நீயே கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும், அதற்கு உனக்கு என் பூரண சம்மதம் உண்டு. எங்கள் அப்பா வாங்கிய வயல் எனக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அதுவரை இந்த வீட்டில் உனக்கு ஒரு இட்லிக்கு மேல் கிடையாது.

உன் சம்சாரத்துக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசிகள். வேதாரண்யேசுவரர் உனக்குத் தீர்க்காயுசும், இனிமேலாவது புத்தியும் அருள்வாராக.

இப்படிக்கு,
உன் அத்தான்,
சிவசாமி.

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஆகிவிட்டது. இன்று விடியற்காலை கிழக்கே ஒரே ஆரவாரம். சிறிது நேரத்தில் வீரையன் ஒரு கூடை விரால் மீனோடு வாசலில் வந்து நின்றான். "ஐயா வூட்டுப் பங்குங்க. மார்கழியானா ஊரே எறங்கிப் புடிக்கும்னு ஐயாதான எழுதிக் குடுத்தீங்க. தண்ணிய வடிச்சாத்தானுங்களே மீனு புடிக்க முடியும்? நேத்து அந்தியிலேயே மதகத் தொறந்துட்டோம். ஈரத்தோட உளுந்தும் தெளிச்சாச்சு. தண்ணி இல்லாத பொறம்போக்க நெலமில்லாதவங்களுக்குக் குடுக்கலாம்னு அதிகாரியே சொல்றாருங்க" என்றான். நான் சட்டைகூடப் போடாமல் ஓடினேன். நிலத்தைப் பார்க்கவா ஓடினேன்? சத்தியமாக இல்லை. நம் தோணி சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது, தியாகு. கொக்கெல்லாம் மேலே மட்டும்தான் போகிறது. அரை வேலி போனபோது வராத அழுகை, அந்தத் தண்ணீர் போனதைப் பார்த்ததும் வந்துவிட்டது. வீரையனே பயந்துபோய், "அழுவாதீங்கய்யா, நெலந்தானுங்களே" என்று சமாதானம் சொன்னான். வீட்டுக்கு வந்தால் உன் அக்காள் மீனை ஆய்ந்துகொண்டே, தலை நிமிராமல், "மேலண்ட வயலும் கொஞ்சம் பள்ளந்தாங்களே" என்கிறாள். அப்பீல் கிப்பீல் ஒன்றும் வேண்டாம். காத்தானிடம் தோணியைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த மேற்கு வயல் மதகுக்கு எத்தனை சாக்கு பிடிக்கும் என்று பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறேன்.