அத்தரின் ஹாரனுக்கு எழுந்து வந்த மீன்கள்

மூக்கு என்று ஒன்று உள்ள எவரும் சிறுசேரியில் அத்தரை மறக்கவே முடியாது. கழிவுநீர் லாரி ஓட்டுபவர். சட்டைக்கு, காதுமடலுக்கு, ஸ்டியரிங்குக்கு என்று அத்தர் பூசிக்கொண்டுதான் வண்டியைக் கிளப்புவார்; பெயரே அப்படி வந்ததுதான். லாரிக்கு முன்னால் ரோஜா வாசனை வரும். பின்னால் வருவதைச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் குடியிருப்பின் தொட்டியில் உறிஞ்சியதைப் பின்புற ஏரியில் விட்டுவிட்டுப் போவார். எல்லா லாரிகளும் அப்படித்தான். தொட்டி காலியானால் சரி என்று நாங்களும் ஜன்னலைச் சாத்திக்கொள்வோம்.

விடிந்ததும் விடியாததுமாகக் கரையில் நின்று ஹாரன் அடிப்பார். கெண்டைகள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

"பாத்தியா சார்! நம்ம சவுண்டு கேட்டா வணக்கம் வெச்சிகினு வருதுங்க. நான் ஊத்தறதுதான அதுங்களுக்கு நாஸ்தா! எம் பொண்டாட்டிகூட இப்டி எந்திரிச்சி வந்தது இல்ல."

ஒருநாள் மாமனாரையே கூட்டி வந்து காட்டினார். அந்த மனிதர் மிரண்டுபோய் மீன்களுக்குத் திருப்பி வணக்கம் வைத்தார்.

கோடையில் ஒரு காலை, மேலே வந்த மீன்கள் திரும்ப உள்ளே போகவில்லை. ஏரி முழுக்க வெள்ளை வயிறுகள். மீன் குத்தகை எடுத்திருந்த அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"நேத்துகூட வணக்கம் வெச்சுதே, இன்னாக்கா ஆச்சு?" என்றார் அத்தர்.

"வணக்கமா? அடப்பாவி! நீங்கல்லாம் ஊத்தன பீ, தண்ணில கீற காத்தயெல்லாம் துன்னுடுச்சி. மூச்சு முட்டி மேல வந்துகினு இருந்துதுங்க!"

அத்தர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினார். அன்று முழுக்கச் செத்த மீன்களைக் கூடை கூடையாக வாரிப் புதைத்தார். எனக்குப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அதற்குப் பிறகு தொலைவிலிருந்த சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போனார். லாரி வாடகை ஏறியது, பாதி வாடிக்கை கழன்றுகொண்டது. போதாக்குறைக்கு, ஓட்டமில்லாத நேரமெல்லாம் கரைப் பாதையில் லாரியைக் குறுக்கே போட்டு உள்ளே படுத்துக்கொள்வார்.

"வண்டிய எடு அண்ணாத்த!" என்று மற்ற லாரிக்காரர்கள் கத்துவார்கள்.

"பேஜாரு பண்ணாத மச்சான். பேட்டரி டவுனு."

அந்த பேட்டரி வருஷம் முழுக்க டவுனாகவே இருந்தது. சலித்துப்போய் அவர்கள் ஏரிப் பக்கம் வருவதை விட்டார்கள்.

நல்ல மழை பெய்தது. அக்கா புதிதாக மீன்குஞ்சு விட்டார். அவை வளர்ந்தபின் ஒரு விடியலில் அத்தர் என்னை இழுத்துக்கொண்டு போனார். ஹாரன் அடித்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி நீளமாக அடித்தார். தூரத்தில் ஒன்று துள்ளி, உள்ளே போய்விட்டது.

"ஒண்ணுகூட நம்மள மதிக்கல சார்!" என்றார். கண்ணில் நீர் நிற்க, அப்படி ஒரு சிரிப்பு.

இப்போதெல்லாம் ரோஜா வாசனை வந்தால் நான் ஜன்னலைச் சாத்துவதில்லை.