ஏகமனதாக ஒரு நெற்றிப்பட்டை

ஒரு சமுதாயம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதை அதன் குதிரைகளின் நெற்றியைப் பார்த்தே சொல்லிவிடலாம். உலகம் இதை இன்னும் உணரவில்லை. அந்தக் குதிரையேற்ற மன்றம் உணர்ந்துவிட்டது. கடிவாளத்தில் காதுகளுக்குக் கீழே, நெற்றிக்குக் குறுக்கே ஓடும் ஒற்றைத் தோல்பட்டைக்கென்றே 'நெற்றி அலங்காரத் துணைக்குழு' ஒன்றை அமைத்தது. செலவைச் சரிக்கட்டக் குதிரைகளின் சாயங்காலப் புல் நிறுத்தப்பட்டது. 'தற்காலிகமாக'த்தான்.

அங்கே சவாரி சொல்லிக்கொடுக்கும் டீச்சருக்கு இந்தத் தியாகத்தின் பெருமை விளங்கவில்லை. பஞ்சு என்கிற வயதான வெள்ளைக் குதிரைமேல் அவருக்கு உயிர். நெற்றியைப் பற்றிப் பேச வேண்டிய கூட்டங்களில் வயிற்றைப் பற்றிப் பேசி மானத்தை வாங்கினார்.

நீலக்கல் பதித்த நெற்றிப்பட்டை வந்து சேர்ந்தது. அதற்கு வெல்வெட் பெட்டி, ஏசி அறை. வியர்வை பட்டால் கல் மங்குமாம். மன்றத் தலைவரே மெல்லிய துணியால் ஒவ்வொரு கல்லாகத் துடைத்தார். லாயத்தில் மின்விசிறி ஓடி வெகுநாளாகிறது. ஆனால் அங்கே மங்குவதற்குக் கல் எதுவும் இல்லையே!

பட்டையை மாட்டியதும் பஞ்சு தலையைப் பலமாக உதறியது.

"பாருங்க, தலையாட்டுது! பிடிச்சிருக்கு!" என்றார் தலைவர். 'குதிரை மகிழ்வுடன் சம்மதித்தது' என்று பதிவாயிற்று.

டீச்சர் காதடியைத் தடவிப் பார்த்தார். தோல் சிவந்திருந்தது.

"சார், பட்டை குட்டையா இருக்கு. காதை நெரிக்குது. யார் அளவெடுத்தது?"

"நம்ம பொருளாளர் தலையிலதான் வச்சுப் பார்த்தோம். குழுவிலேயே பெரிய தலை அவரோடது."

பொருளாளர் அடக்கத்தோடு நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"குதிரையையே கூப்பிட்டிருக்கலாமே?"

"அது உறுப்பினர் இல்லையேம்மா."

ஞாயிற்றுக்கிழமை ஆண்டுவிழா. விருந்தினர் முன்னால் பஞ்சு இப்படி உதறினால் 'அடங்காத குதிரை' என்று சொல்லி விற்றுவிடுவார்கள். வயதான குதிரையை யார் எதற்கு வாங்குவார்கள் என்பது டீச்சருக்குத் தெரியும்.

"கொஞ்சம் நீளமாக்கிக் குடுங்க சார்," என்று கெஞ்சினார்.

"ஏகமனதா முடிவு பண்ணின அளவும்மா. அதை மாத்தினா ஏகமனசு என்ன ஆகும்?"

மறுநாள் கூட்டத்துக்கு டீச்சர் வேறு முகத்தோடு வந்தார்.

"சார், கல்லு பத்தலை."

அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

"நேத்து நான் பேசினது தப்பு. பஞ்சு நெத்திக்கு இந்தக் கல்லெல்லாம் கஞ்சத்தனம். அந்தப் பக்கம் ரெண்டு, இந்தப் பக்கம் ரெண்டு சேர்க்கணும்."

"பதிக்க இடம் எங்கே இருக்கு?" என்றார் பொருளாளர்.

"அதான் சார் வருத்தமா இருக்கு. தோலை நீட்டித்தான் ஆகணும். வேற வழியே இல்ல."

தலைவரின் கண்கள் பனித்தன. "இப்பதாம்மா நீங்க வழிக்கு வந்திருக்கீங்க."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தோல் தைப்பவர் அன்றே பட்டையை நீட்டிக் கல்லையும் பதித்துக் கொடுத்தார்.

விழாவில் பஞ்சு காதுகளை விறைப்பாக நிமிர்த்திக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி நடந்தது. ஒரு உதறல் இல்லை. கைதட்டல் ஓயவில்லை.

"எல்லாம் அந்த நாலு கல்லோட மகிமை!" என்றார் தலைவர்.

"பின்னே?" என்றார் டீச்சர்.

தலைவர் பட்டையைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் படுக்கவைத்தார். எல்லாரும் விருந்துக்குப் போனார்கள். பஞ்சு காலித் தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு டீச்சரைப் பார்த்தது. அவருக்கு ஆத்திரமாக வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது.

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்தார். "வெளி அலங்காரம் முடிஞ்சுது சார். இனிமே 'உள் அலங்காரம்' பண்ணணும். பச்சை நிறம். தினமும் சாயங்காலம் எல்லாக் குதிரைக்கும் வயித்துக்குள்ள போட்டுவிடறது."

"பச்சையா! நீலத்துக்கு எடுப்பா இருக்குமே!" தலைவர் மேசையைத் தட்டினார். கைகள் எல்லாம் ஒன்றாக உயர்ந்தன. "அருமையான யோசனைம்மா! இத்தனை நாளா இது ஏன் யாருக்கும் தோணலை?"

குதிரைகளுக்கு அது தினமும் சாயங்காலம் தோன்றிக்கொண்டுதான் இருந்தது.