கொசு மகானின் பச்சைக் கயிறு

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பழைய கிடங்கில் அந்த மாதம் முழுக்க எள் போட்டால் எள் விழாது. கொசு மகான் வந்திருந்தார்.

மற்ற மகான்கள் பாவத்தைப் போக்குவார்கள். இவர் கொசுவைப் போக்கினார். பாவம் போனதா இல்லையா என்று யாரும் சரிபார்க்க முடியாது. கொசு போனதா என்று பார்த்துவிடலாம். அந்தத் துணிச்சலுக்காகவே ஐயாவை மெச்ச வேண்டும்.

மேடையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே கொசுக்கள் மொய்யென்று மொய்த்தன. மகான் மணிக்கட்டில் பச்சைக் கயிறு கட்டிக்கொண்டார், கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார், பெட்டியின் துளைக்குள் முழங்கை வரை கையை விட்டார். எடுத்துக் காட்டினால் ஒரு தடிப்புகூட இல்லை!

"பார்த்தீங்களா! இந்தக் கயிறு இருக்கிற வீட்டுப் பக்கம் கொசு தலைவச்சுக்கூடப் படுக்காது!"

கொசு எங்கே தலை வைத்துப் படுக்கும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லார் வாயும் ஆச்சரியத்தில் பிளந்திருந்தது. கேள்வி கேட்க வேறு வாய்க்கு எங்கே போவது?

முன்வரிசையில் சலூன்காரர். ஊர்ச் செய்தி எல்லாம் அவர் கடை நாற்காலியில்தான் முதலில் உட்காரும். ஊர்ப் பொய்யும் அப்படியே. காணிக்கை போட்டுத் தலைக்கொரு கயிறு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், கட்டிலுக்கு மேலிருந்த கொசுவலையை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"ஏங்க, அதை எதுக்குக் கழட்டுறீங்க?" என்றாள் மனைவி. துணிக்கடையில் தைக்கிறவள், வீட்டிலும் கையில் ஊசி இருக்கும், நாக்கிலும் இருக்கும்.

"வலையும் கயிறும் ஒரே வீட்ல இருந்தா கயிறு கோச்சுக்குமாம். மகான் சொன்னாரு."

"கோச்சுக்குமா? உங்க அக்காவாட்டம் இருக்கே!"

"எங்க அக்காவை எதுக்குடி நடுவுல இழுக்கற?"

சண்டை அக்கா பக்கம் திரும்பிவிட்டது. வலை பரணுக்குப் போய்விட்டது.

கயிறு கோபித்துக்கொள்ளவில்லை. கொசுவும் கோபித்துக்கொள்ளவில்லை, வழக்கம்போல வந்து, வழக்கத்தைவிட வசதியாகக் குடித்துவிட்டுப் போனது. இரண்டு வாரத்தில் அவர்கள் மகளுக்குக் குளிர்காய்ச்சல். வீட்டிலிருந்த போர்வை எல்லாம் போர்த்தியும் பல் கிட்டித்தது. ஒரு நாள் விடும், மறுநாள் மறுபடி தூக்கிப் போடும். நடுக்கத்தோடு அந்தக் குழந்தை கையை நீட்டியது.

"அம்மா, கயித்தை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டும்மா."

தாய் கத்தரியை எடுத்தாள். கயிற்றைக் கத்தரித்து எறிந்துவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மலேரியா.

"நல்லவேளை, சீக்கிரமே வந்தீங்க. ஜுரம் விட்டுடுச்சேன்னு மாத்திரையைப் பாதியில நிறுத்தக் கூடாது," என்றார் டாக்டரம்மா. "வலை கட்டித்தானே தூங்குறீங்க?"

சலூன்காரர் கூரையைப் பார்த்தார். மனைவிதான் கயிறு, மகான், கண்ணாடிப் பெட்டி எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"பொம்பளைக் கொசுதாம்மா கடிக்கும். முட்டை வைக்க அதுக்கு ரத்தம் வேணும். ஆம்பளைக் கொசு பூவில தேனைக் குடிச்சுட்டுச் சும்மா சுத்திட்டிருக்கும்."

"வீட்டுக்கு வீடு அப்படித்தான் போல," என்று புருஷனைப் பார்த்தவள், சட்டென்று நின்றாள். "டாக்டர், ஆம்பளைக் கொசுவை மட்டும் தனியாப் பிரிச்சு ஒரு பெட்டியில போட முடியுமா?"

"பொறுமை இருந்தா முடியும்."

குழந்தை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடிக்கத் தொடங்கிய பிறகு, அவள் கிடங்குக்குப் போனாள். கையில் துணியால் வாய் கட்டிய ஒரு கண்ணாடி ஜாடி. பின்னாலேயே தலை குனிந்தபடி சலூன்காரர்.

"ஐயா, கயிறு கட்டாத கையை உங்க பெட்டிக்குள்ள விட்டா என்ன ஆகும்?"

"பிய்ச்சு எடுத்துடும் தாயே!"

"எங்க, பார்ப்போம்." தடுப்பதற்குள் மேடையேறி வெறுங்கையை உள்ளே விட்டாள். கூட்டம் "ஐயோ!" என்றது. கொசுக்கள் ஒன்றும் சொல்லவில்லை. கையை எடுத்தாள். பளிங்கு மாதிரி இருந்தது.

மகான் லேசுப்பட்டவரா? "என் அருள் பெட்டி பூரா நிறைஞ்சிருக்கு!" என்றார். கூட்டம் கைதட்டியது.

"ரொம்ப நல்லது. அப்போ இந்த ஜாடியிலயும் கையை விடுங்க. எங்க வீட்டுத் தண்ணி டிரம்முல நெளிஞ்ச புழுவைப் பிடிச்சு நானே வளர்த்தேன். புதுக் கொசு, இன்னும் யாரையும் கடிக்கல, அதனால நோய் இருக்காது. ஆம்பளையும் உண்டு, பொம்பளையும் உண்டு. கடிக்கறது பொம்பளைக் கொசு மட்டும்தானாம், உங்க பெட்டியில அது ஒண்ணுகூட இல்ல போலிருக்கே?"

மகானின் முகம் வெளுத்தது. "இன்னைக்கு நாள் சரியில்ல..."

"எனக்குச் சரியாத்தான் இருக்கு," என்றார் சலூன்காரர். தன் மணிக்கட்டுக் கயிற்றைக் கூட்டத்துக்கு உயர்த்திக் காட்டிவிட்டு, அந்தக் கையை ஜாடிக்குள் விட்டார். வெளியே எடுத்தபோது கயிற்றைச் சுற்றியே தடிப்புத் தடிப்பாக வீங்கியிருந்தது. ஒரு கொசு பச்சைக் கயிற்றின் மேலேயே சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. "இதை நம்பித்தான் எம் பொண்ணைச் சாகக் குடுக்கப் பார்த்தேன்," என்றார்.

இந்தத் தடவை கூட்டம் கைதட்டவில்லை. மகான் பின்பக்கக் கதவுக்கு ஓடினார். அங்கே பரணுக்கு வலையை அனுப்பிய இன்னும் பல அப்பாக்கள் நின்றிருந்தார்கள். போலீஸ் வந்து சேரும்வரை ஐயாவின் அருளை அவர்கள்தான் பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

சலூன்காரர் வீட்டில் வலை மறுபடி கட்டிலுக்கு வந்தது. டிரம்முக்கு மூடி வந்தது. குழந்தை மாத்திரையை முழுசாக முடித்து, பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டது.

அடுத்த வாரம் சலூன் நாற்காலியில் ஒரு பெரிய மனிதர் வந்து உட்கார்ந்தார். படித்தவர், மூக்குக்கண்ணாடி போட்டவர்.

"மகான் பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும்பா. கயிறு உண்மையா இருக்கலாமில்ல?"

சலூன்காரர் கத்தரியைக் கீழே வைத்தார்.

"அண்ணே, தலைக்கு மேல இருக்கறதைத்தான் நான் சரிபண்ண முடியும். உள்ள இருக்கறதை நீங்கதான் பார்த்துக்கணும்."