கோர்வையும் கூட்டுச் சதியும்

வரி ஏய்ப்பு விசாரணைக்கு அழைத்தால் எந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு போவது? இன்றுவரை எனக்குப் பதில் தெரியாத கேள்வி இது. பட்டு கட்டினால், ஏய்த்ததையெல்லாம் உடுத்திக்கொண்டு வந்திருக்கிறாள் என்பார்கள். நைந்த காட்டன் கட்டினால், நடிக்கிறாள் என்பார்கள். காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை வைத்திருப்பவள் சிந்தெடிக்கில் போனால் அதற்கே தனியாக வழக்குப் போடலாம். கடைசியில் ஏதோ ஒரு காட்டனைச் சுற்றிக்கொண்டு கிளம்பினேன். அதன் தோளில் குழந்தைக்கு ஊட்டிய பருப்புச் சோறு காய்ந்திருந்ததை ரயிலில்தான் பார்த்தேன். (கொஞ்சம் அனுதாபம் கிடைக்கும் என்று நினைத்து, வாலாஜாபாத் வரை அதைத் துடைக்கவில்லை.)

கடை என் பெயரில் இருக்கிறது. பெண் பெயரில் தொடங்கினால் விளங்கும் என்று மாமியார் சொன்னதால், கல்யாணமான புதிதில் ஜி.எஸ்.டி. பதிவுக்கு நான் கையெழுத்துப் போட்டேன். நெய்வதும் விற்பதும் என் கணவர். குழந்தை தூங்கும்போது பில் போடுவது நான். நாங்கள் ஜரிகை வாங்கிய வெளியூர் வியாபாரி ஒருவர், சரக்கே அனுப்பாமல் பலருக்கு வெறும் பில் எழுதிக் கொடுத்தார் என்று பிடிபட்டார். எங்களுக்கு அவர் அனுப்பியது நிஜ ஜரிகைதான். ஆனால் அவரிடம் வாங்கிய எல்லோருக்கும் சம்மன் போயிற்று. சென்னை அலுவலகத்துக்கு வரச் சொல்லி எனக்கும் வந்தது.

அவரோடு நானும் சேர்ந்து சதி செய்தேனா என்று பார்க்கிறார்கள் என்றார் நாங்கள் வைத்த வக்கீலம்மா. நிரூபணமானால் கைது வரைக்கும் போகலாமாம். என் மகளுக்கு ஒன்றரை வயது. இன்னும் பால் மறக்கவில்லை. ஜெயிலில் குழந்தையைக் கூட வைத்துக்கொள்ள விடுவார்களா என்று போனில் தேடினேன். இப்படித் தேடியதையே சாட்சியாக எடுத்துக்கொள்வார்களோ என்று பயந்து அதை அழித்தேன். அழித்தது அதைவிடப் பெரிய குற்றமோ என்று விடியும் வரை யோசித்தேன்.

வக்கீலம்மா ஒரே ஒரு பாடம்தான் நடத்தினார். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா. கூட ஒரு வார்த்த வேணாம். நான் கண்ணாடிக்கு அந்தாண்ட உக்காந்துக்கினு இருப்பேன். உன்ன பாக்கலாம். நீ பேசறது எனக்குக் கேக்காது."

அதிகாரிக்கு என் வயதுதான் இருக்கும். மரியாதையாகப் பேசினார், அதனால் பயம் கூடியது. சாப்பிட்டீர்களா என்று கேட்டார். இது விசாரணையில் சேருமா, சேராதா என்று தெரியாமல் ஆமாம் என்றேன். (சாப்பிடவில்லை. மத்திய அரசிடம் நான் சொன்ன முதல் பொய்.) பிறகு வியாபாரியைத் தெரியுமா என்றார். போனில் பேசியிருக்கிறோம் என்றேன். நேரில்? இல்லை. கண்ணாடிக்கு அப்பால் வக்கீலம்மா தலையை ஆட்டினார். முதல் ரேங்க் வாங்கப்போகிற பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போது அதிகாரி, அந்த வியாபாரியின் பில்லையும் எங்கள் கடை பில் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எங்களுடையதில் 'கோர்வைப் பட்டு' என்று இருந்தது. விரலை நடுவில் வைத்துக்கொண்டு, "இது ஒருத்தர் பண்ற வேலை இல்ல. ரெண்டு பேர் சேர்ந்துதான் பண்ணியிருக்கணும். சரிதானே?" என்றார்.

அவர் கேட்டது பில்லை. என் கண்ணில் பட்டது கோர்வை. உடலையும் பார்டரையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோக்கிற சேலை அது. தறியில் ஒருவர் நெய்ய, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து பார்டர் நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ள வேண்டும். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்டது.

"ஆமா சார். ரெண்டு பேர் சேர்ந்தாத்தான் ஆவும். தனியா ஒருத்தரால பண்ணவே முடியாது."

அவர் பேனா நின்றது. "எவ்ளோ நாளா நடக்குது?"

"எங்க மாமனார் காலத்துலேர்ந்து சார்."

"அந்த ரெண்டு பேர் யாரு?"

"எங்க வீட்டுக்காரரும் நாத்தனாரும். அவங்க கை பழகின கை சார்."

நாடா என்றால் அவருக்குப் புரியாதே என்று, மேஜையில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்து அந்தப் பக்கமாகத் தள்ளிக் காட்டினேன். அது அவர் மடியில் போய் விழுந்தது. கண்ணாடிக்கு அப்பால் வக்கீலம்மா எழுந்து நின்றுவிட்டார்.

வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். படித்தேன். ஒரு குடும்பமே பரம்பரையாகச் சதி செய்துவருவதாக அதில் இருந்தது. எல்லாம் என் சொந்த வார்த்தைகள்.

"நான் சேலைய சொன்னேன் சார்."

அவர் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டார். சிரிப்பா கோபமா தெரியவில்லை. கோர்வை என்றால் என்ன என்று மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொன்னார். ஸ்டேப்ளரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். சேலையைப் பற்றியே கூறியதாகப் பிறகு விளக்கினார் என்று கீழே ஒரு வரி சேர்த்தார். அந்த 'பிறகு' என்ற சொல் என்னை இன்னும் அரித்துக்கொண்டிருக்கிறது.

சொன்ன பெயர் சொன்னதுதானாம். விசாரித்தே ஆக வேண்டுமாம். கணவருக்கும் நாத்தனாருக்கும் சம்மன் வந்தது. கணவர் போய்விட்டு வந்தார். வந்ததிலிருந்து வீட்டில் என் பெயர் 'அப்ரூவர்'. அப்ரூவரம்மா, காபி ஆச்சா என்றுதான் கேட்கிறார்கள். மாமியாருக்குச் சர்க்கரை உண்டு. அடுக்களையில் ஒளிந்து மைசூர்பாகு சாப்பிடுவார். ஒரு நாள் அப்படிச் சாப்பிடும்போது நான் நுழைந்ததும் நாத்தனாரைப் பார்த்து, "வாய மூடிக்கினு இருடி. இவ கையெழுத்து போட்டு குட்த்துட்டு வந்துடுவா" என்றார்.

வழக்கு இன்னும் முடியவில்லை. அடுத்த வாரம் நாத்தனார் முறை. அவர் சென்னைக்குத் தனியாகப் போனதே இல்லை. "நீதானம்மா கோத்து வுட்ட, நீயே இட்டுக்கினு போ" என்கிறார். நியாயம்தான். ஆனால் கூடப் போனால், இவர்கள் ஒன்றாகச் சேர்ந்து வந்தார்கள் என்று அதையும் எழுதிக்கொள்வார்களோ? தனியே அனுப்பினால், அவர் இன்னும் யார் பெயரையெல்லாம் சொல்லிவிட்டு வருவாரோ? வக்கீலம்மாவைக் கேட்கலாமென்றால், என் நம்பரைப் பார்த்தாலே அவர் எடுப்பதில்லை. இப்படி மாட்டிக்கொண்டு மீண்ட வாசகர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்: நான் கூடப் போகலாமா, கூடாதா?