மல்லிக் கூடைக்குக் காவல் போன கதை

பூவைக் காசு கொடுத்து வாங்குகிறவனை எங்கள் ஊரில் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். நெல்லுக்கு விலை உண்டு, கடலைக்கு விலை உண்டு, வைக்கோலுக்குக்கூட விலை உண்டு. பூ என்பது பக்கத்து வீட்டு வேலியோரம் போய், "நாலு பூ பறிச்சிக்கிறேன்" என்று சொன்னால் கிடைக்கிற பொருள். கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. கேட்பவள் பெண்ணாக இருந்து, விடிந்தால் வெள்ளிக்கிழமையாகவும் இருந்துவிட்டால், சொல்லவே கூடாது. இது எங்கள் ஊர்க் கன்றுக்குட்டிக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தே எப்படி அந்தக் காரியத்தைச் செய்தேன் என்பதுதான் இன்றுவரை விளங்காத மர்மம்.

ஐம்பதுகளில் நடந்தது. எங்கள் ஊர் திருக்கழுக்குன்றம் தாண்டி மாமல்லபுரம் போகிற சாலையில், ஏரியை ஒட்டி இருக்கிற சின்ன ஊர். பஸ் நிற்கிற இடத்தில் ஒரு புளியமரம், அதற்கு எதிரில் எங்கள் வீடு, சுற்றிலும் கடலைக் கொல்லை. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஊரிலிருந்து செங்கல்பட்டுக்குப் போய் வக்கீல் ஆபீசில் குமாஸ்தாவாக உட்கார்ந்த முதல் ஆள் நான். உட்கார்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. (ஆனால் ஊருக்கு வந்தால் நான் நடக்கிற நடையைப் பார்த்தவர்கள், ஜில்லா ஜட்ஜே என்னைக் கலந்துகொண்டுதான் தீர்ப்பு எழுதுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.)

அந்த ஆவணியில் தனம் அக்காவுக்குக் கல்யாணம். அக்கா எதையும் வாய்விட்டுக் கேட்கிற ரகமில்லை. புடவையை அம்மா பார்த்தாள், மாப்பிள்ளையை நைனா பார்த்தார், இரண்டுக்கும் அக்கா ஒரே மாதிரி தலையாட்டினாள். கேட்டது ஒன்றே ஒன்றுதான். அதையும் என்னிடம் கேட்டாள்.

"நம்மூர்ல கனகாம்பரத்த வுட்டா வேற இன்னா கீது தம்பி? அதுல வாசனையே இல்ல. கல்யாணத்தன்னிக்காவது ஜடை முழுக்க மல்லி வச்சிக்கணும்னு ஆசையா கீதுடா."

நைனா காதில் இது விழுந்தது. "வேலியோரம் பூத்துகினு கீறத பறிச்சி கட்டுங்க, போதும்" என்றார்.

"நீ சும்மா இரு நைனா. செங்கல்பட்டுல சொல்லி வச்சா பூ வூட்டு வாசல்ல வந்து எறங்கும். இப்பல்லாம் எல்லாரும் அப்டித்தான்" என்றேன்.

எல்லாரும் என்றால் யார் என்று நைனா கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. நல்லவேளை, அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் பூக்கடை வைத்திருந்த பாயிடம் சொல்லி வைத்தேன். கல்யாணத்துக்கு முந்தின நாள், வியாழக்கிழமை மத்தியானம், பாய் ஒரு பெரிய மூங்கில் கூடையைத் தயாராக வைத்திருந்தார். அடியில் இரண்டு கல்யாண மாலை, மேலே பந்து பந்தாகக் கட்டின மல்லிச் சரம், அதற்கு மேல் வாழையிலை, எல்லாவற்றுக்கும் மேல் ஈரச் சாக்கு போட்டுக் கோணூசியால் தைத்திருந்தார்.

"கூடைய கண்டக்டராண்ட குடுத்துடு தம்பி. டாப்புல போட்டுகினு போயி உங்க ஊர்ல எறக்கிடுவாரு. நீ அடுத்த வண்டில போ" என்றார்.

"நானும் அதே வண்டிலதான போறேன் பாய்? கூடவே எடுத்துகினு போறேனே."

"பூ கூட நீ போவாத. சொல்றத கேளு. பேஜாரா பூடும்."

நான் மோசடிக் கேஸ் கட்டுகளைத் தினம் தூசி தட்டி அடுக்குகிறவன். ஒரு மனிதன் என்னையும் என் பூவையும் ஏன் பிரிக்கப் பார்க்கிறான் என்று உடனே யோசித்தேன். வழியில் பாதியை உருவிவிட்டு வாழைமட்டையை அடைப்பார்கள் என்று தீர்மானித்தேன். கூடையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். பூ மூச்சுமுட்டிப் போகுமே என்று சாக்கையும் பிரித்துவிட்டேன்.

திருக்கழுக்குன்றம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பஸ்ஸில் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் தூங்கினார்கள். நான் கூடையைக் காத்தேன். திருக்கழுக்குன்றத்தில் சந்தை முடிந்து ஏறியவர்கள் அத்தனை பேரும் பெண்கள். ஏறின உடனே ஒவ்வொரு மூக்கும் என் பக்கம் திரும்பியது.

எனக்கு முன் சீட்டில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி உட்கார்ந்தாள், பக்கத்தில் அவள் அம்மா. அந்தப் பெண் திரும்பிக் கூடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு தம்பி பூவு?" என்று கேட்டாள் அம்மாக்காரி.

"எங்க அக்காவுக்குக் கல்யாணம். நாளைக்கு."

"நல்லா இருக்கட்டும். புள்ளத்தாச்சி பாத்துகினே கீறா பாரு கண்ணு. ஒரு சாண் கிள்ளி குடேன்."

வக்கீல் குமாஸ்தா சாண் கணக்கில் கிள்ளிக் கொடுத்தால் வக்கீலுக்கே அவமானம் இல்லையா? தாராளமாக ஒரு முழம் அளந்து கொடுத்தேன். (என் கை நீளம். பள்ளிக்கூடத்தில் மேல் ஜன்னலைக் கொம்பில்லாமல் சாத்தினவன் நான் ஒருவன்தான்.) "குடும்பத்தோட கல்யாணத்துக்கு வரணும்" என்று ஒரு மரியாதைக்குச் சொல்லியும் வைத்தேன்.

அடுத்த சீட்டில் மீன்காரம்மா ஒருவர், மாமல்லபுரத்துக்காரர், காலிக் கூடையோடு திரும்பிக்கொண்டிருந்தார். "ஏன் தம்பி, மீன் விக்கிறவ தலைல மல்லி நிக்காதா?" என்று நிதானமாகக் கேட்டார். இரண்டு முழம் கொடுத்தேன். அப்புறம் அவருக்குப் பின்னால் இருந்தவள், அவள் நாத்தனார், நாத்தனாரின் மகள். ஒவ்வொருத்திக்கும் ஒரு முழமும் ஓர் அழைப்பும்.

நடுவில் ஒரு நல்ல மனுஷி குறுக்கிட்டாள். "போதும் வுடுங்கம்மா. கல்யாணத்துக்கே பத்தாம பூடப் போவுது."

அங்கே நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

"அதெல்லாம் பத்தும். இது சும்மா கைச்செலவுக்கு. மிச்சம் பின்னாடி லாரில வந்துகினு கீது" என்றேன்.

எங்கள் ஊரில் அன்றுவரை ஒரு லாரி நின்றதில்லை. கடலை மூட்டையே மாட்டு வண்டியில்தான் போகும். ஆனால் லாரி என்று சொன்னபோது என் முகத்தில் தெரிந்த கம்பீரத்தை நானே ஜன்னல் கண்ணாடியில் பார்த்தேன். அதற்கப்புறம் யாருக்கும் கூச்சமே இல்லாமல் போய்விட்டது. குறுக்கே பேசின அந்த நல்ல மனுஷிகூட ஒன்றரை முழம் வாங்கிக்கொண்டாள். டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்த கண்டக்டர், "அண்ணாத்த, ஊரு வர்றதுக்குள்ள கூடை காலியா பூடும்போல கீதே" என்றார். நான் கையை அசைத்து அவரை அப்பால் அனுப்பினேன்.

புளியமரத்தடியில் இறங்கினேன். டாப்பிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த வாழைத்தார்களை இறக்க வேண்டியிருந்ததால் பஸ் நின்றுகொண்டிருந்தது. பந்தலின் கீழ் அக்கா, முகமெல்லாம் மஞ்சளாக, எனக்காகக் காத்திருந்தாள். நைனா வந்து கூடையை வாங்கினார். அதன் கனம் அவர் முகத்தில் ஒரு சந்தேகத்தை உண்டாக்கியது. வாழையிலையை நீக்கிப் பார்த்தார்கள். மாலை இரண்டும் பிழைத்திருந்தன, அவற்றை முழம் போட முடியாததால். மல்லியில் மிச்சம் இருந்தது ஒரு முழம்கூட இல்லை.

"பெரியவரே, மிச்ச பூ பின்னாடி லாரில வருதாம்" என்றார் கண்டக்டர், வாழைத்தாரைக் கீழே விட்டபடி.

"இன்னா லாரி?" என்றார் நைனா என்னைப் பார்த்து.

நான் தரையைப் பார்த்தேன். பஸ் ஜன்னல்கள் எல்லாவற்றிலும் முகங்கள். ஒவ்வொரு தலையிலும் என் அக்காவின் மல்லி. சூடின பூவைத் திருப்பிக் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் கல்யாணப் பெண்ணுக்கு வைக்க முடியாது. அது அவர்களுக்கும் தெரிந்திருந்தது. பஸ் கிளம்பிப் போயிற்று.

அக்கா என்னைத் திட்டவில்லை. அந்த மிச்சச் சரத்தை எடுத்து மூக்கருகில் வைத்துப் பார்த்தாள். "நல்லா வாசனையா கீது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது. வைக்கோல் போருக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். அவள் வாழ்க்கையிலேயே கேட்டது அந்த ஒன்றைத்தான், அதையும் நான் பஸ்ஸில் இருந்தவர்களுக்குப் பெருமைக்காக வாரிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன்.

மறுநாள் காலை மாமல்லபுரத்திலிருந்து வந்த முதல் பஸ் புளியமரத்தடியில் நின்றது. நின்றது, கிளம்பவே இல்லை. முதலில் மீன்காரம்மா இறங்கினார், கைநிறையத் தாழம்பூவோடு. விடியுமுன்னே கடற்கரைப் புதரில் அறுத்ததாம், முழங்கையெல்லாம் முள் கீறியிருந்தது. பின்னால் கர்ப்பிணிப் பெண்ணின் அம்மா, முந்தானையில் முல்லை. இன்னொருத்தி நந்தியாவட்டை, இன்னொருத்தி மகிழம்பூ. பஸ் நிற்கிற ஒவ்வொரு ஊரிலும் வேலியோரம் என்ன பூத்திருந்ததோ அது வந்து இறங்கியது.

"பொண்ணு எங்க? ஜடைய இப்டி குடு" என்றார் மீன்காரம்மா.

அத்தனை பேரும் அக்காவைச் சுற்றி உட்கார்ந்து தைத்தார்கள். மல்லி மட்டும் அதில் இல்லை. ஆனால் அந்த வாசனை தெருமுனைக்குப் போயிற்று. அக்கா அழுதாள், இந்தத் தடவை சிரித்துக்கொண்டே.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நான் நெஞ்சை நிமிர்த்தியபோதுதான் பந்தி ஆரம்பித்தது. நான் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தேன். அவர்களும் சொன்ன வாக்கைத் தட்டாமல் மாமியார், மருமகள், கைக்குழந்தை சகிதம் வந்திருந்தார்கள். டிரைவரும் கண்டக்டரும் சாப்பிடாமல் வண்டியை எடுக்க மாட்டோம் என்றார்கள். அப்படியானால் நாங்கள் மட்டும் வண்டியில் உட்கார்ந்து என்ன செய்வது என்று மற்ற பயணிகளும் இறங்கினார்கள். சாம்பார் ரசமாயிற்று, ரசம் வெந்நீராயிற்று. வந்தவர்களை முதலில் உட்காரவைத்த உபசாரத்தில் மாப்பிள்ளை வீட்டார் இலைக்காகக் காத்திருந்தார்கள்.

சம்பந்தி மெல்ல நைனாவின் பக்கம் சாய்ந்தார். "உங்க பக்கம் பொம்பளைங்களே இவ்ளோ பேரா? பொண்ணு பாக்க வந்தப்ப யாரையும் காணமே."

நைனா என்னை ஒரு பார்வை பார்த்தார். "எல்லாம் பையன் நேத்து சேத்த சொந்தம்" என்றார்.

மறுபடி உலை வைத்தும், மாப்பிள்ளைக்குத் தன் கல்யாணத்தில் கிடைத்தது மோர் சாதமும் ஊறுகாயும். அவர் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார். அந்த ஒரு காரணத்துக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

சேர்த்த சொந்தம் கலையவில்லை. கர்ப்பிணிக்குப் பெண் பிறந்து, பேர் வைக்கிற அன்று அக்கா போய் வந்தாள். மீன்காரம்மா அக்காவின் சீமந்தத்துக்கு வளையல் போட வந்தார். நல்லது கெட்டது எதற்கும் அந்த ரூட்டில் யாராவது ஒருத்தி வந்து இறங்காமல் இருந்ததில்லை. அக்கா வீட்டுக்காரரிடம் புதிதாக யாராவது, "உங்க வூட்டுக்காரம்மா கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு?" என்று கேட்டால், மாமா முகத்தில் சிரிப்பே இல்லாமல் இன்றைக்கும் சொல்கிற பதில் ஒன்றுதான்.

"தம்பி ஒருத்தன். அக்கா தங்கச்சிங்க ஒரு பஸ்ஸு."